சொன்னவர் யார்?

சில வாரங்களுக்கு முன் தக்கலையிலிருந்து ஒரு மாணவி தம் மாமியுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். கையில் ஓர் ஆய்வேட்டின் தட்டச்சுப் படி இருந்தது. முதுகலைத் தமிழ் இறுதியாண்டுக்கு உரியது அது. தக்கலையில் அடங்கியிருக்கும் மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் பாடல்களில் காணப்படும் குறியீடுகளை ஆராய்வது. தந்தை வளைகுடாவில் உழைக்கிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதற் பெண் இவர்தாம். தேநீர் அருந்தி முடிக்கும் வரை பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர், மாமி உள்ளே சென்றதும் தாழ்ந்த குரலில் கேட்டார்: “மாமா, நான் செய்தது தப்பா இல்லையா என்று எனக்கே தெரியல்லே. நீங்க பார்த்துச் சொல்லணும்.”

அவர் செய்தது இதுதான். தம் ஆய்வுக்குச் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தின் துணையை மூன்று இடங்களில் நாடியிருந்தார். ஆய்வுச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதியபின் பிழை திருத்தித் தருமாறு கேட்டார், திருத்தித் தந்தது. அப்பாவைப் பற்றிய ஆராய்ச்சி நூல்கள் எவை எனக் கேட்டார். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகிய அனைத்துடனும் ஐந்து நூல்களைத் தந்தது. ஒரு குறியீட்டுக்கு எடுத்துக்காட்டுப் பாடல் கேட்டார்; நான்கடிப் பாடல் ஒன்றை அப்பாவின் பாடல் என்றே தந்தது.

ஐந்து நூல்களில் இரண்டு நூலகத்தில் கிடைத்தன. மற்ற மூன்றும் எங்குத் தேடியும் கிடைக்கவில்லை. ஆசிரியர் பெயர்கள் மெய்யானவை, பதிப்பகங்கள் மெய்யானவை. அந்தப் பெயரில் அவர்கள் எழுதிய நூல்தான் உலகில் இல்லை. பாடலின் கதை இன்னும் சுவையானது. வீட்டில் அதை ஒருநாள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் இருந்த அவர் உம்மாவின் உம்மா, “இது அப்பா பாட்டு இல்லையே மக்களே, எங்கேருந்து எடுத்தே?” என்று கேட்டாராம். அந்த மூதாட்டி பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஆனால் ரஜப் மாதத்து ஆண்டு விழாவில் இரவெல்லாம் ஞானப்புகழ்ச்சி பாடப்படுவதை அறியாப் பருவத்திலிருந்து கேட்டு வந்தவர். செவி பழகிய இடத்தில் போலி நுழைந்ததும் பிடித்துவிட்டார்.

அந்தப் பாடலையும் இல்லாத மூன்று நூல்களையும் மாணவி நீக்கிவிட்டார். நீக்கிய பிறகுதான் அவருக்குக் கலக்கம் வந்தது. “இருக்கிற இரண்டு புத்தகத்தையும் நான் படிச்சாச்சு மாமா. அதை மட்டும் அடிக்குறிப்பிலே போட்டாப் போதும், யாருக்கும் தெரியாது. மெஷின் கிட்டே கேட்டேன் என்று எழுதினா மார்க்கைக் குறைச்சிருவாங்க என்று கூட்டுக்காரிகள் சொல்றாங்க. எழுதாம விட்டா மனசு கேட்கல்லே.”

நாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிவு பெற்றவர்கள் என்று தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. இங்கே வீட்டுக்கு வீடு மாணவர் இருக்கின்றனர். கைக்குக் கை அந்த இயந்திரமும் இருக்கிறது. எனவே இஃது ஒரு பெண்ணின் தனிக் கலக்கமாக நமக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த இயந்திரம் யாது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். 2022 நவம்பர் 30ஆம் நாள் அது பொதுமக்கள் கைக்கு வந்தது. இதனைப் பலரும் ஒரு பெரிய நூலகர் என்று எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. நூலகர் கேட்ட நூலை அடுக்கிலிருந்து எடுத்துத் தருவார். இல்லையெனில் இல்லை என்பார். இயந்திரம் செய்வதோ வேறு. அளவற்ற பக்கங்களைப் பயின்று, எந்தச் சொற்களை அடுத்து எந்தச் சொற்கள் வரும் என்னும் போக்கைத் தன்னுள் படியவைத்திருக்கிறது. கேள்வி வந்ததும், அதற்கு அடுத்து வரத்தக்க சொல் எது, அதனையடுத்து எது என்று தொடுத்துக்கொண்டே போகிறது. ஆராய்ச்சி நூலின் பெயர் எப்படி ஒலிக்கும் என்று அதற்குத் தெரியும். ஆகவே அவ்வாறு ஒலிக்கும் ஒரு பெயரை அது கட்டிவிடுகிறது.

நம் நாஞ்சில் நாட்டில் வில்லடித்துப் பாடும் புலவர் ஒருவர், ஏட்டின் அடிகள் நினைவுக்கு வராத வேளையில், தாளம் தவறாமல் இரண்டடியைத் தாமே இட்டுக்கட்டி நிரப்பிவிடுவதுண்டு. கூட்டத்தினர்க்கு ஏட்டடி எது, இட்டடி எது என்று பிரிக்கத் தெரியாது. ஆனால் பாடியவர்க்குத் தெரியும். இயந்திரத்துக்கு அந்த வேறுபாடும் தெரியாது. மெய்யான நூலைச் சொன்ன அதே குரலில், அதே துணிவில், இல்லாத நூலையும் சொல்லும். இப்பொழுது வருகின்ற இயந்திரங்கள் சில இணையத்தில் தேடிப் பார்த்துச் சுட்டிகளையும் சேர்த்துத் தருகின்றன. அது நல்ல முன்னேற்றமே. எனினும் சுட்டியைத் திறந்து படிப்பவர்க்குத்தான் அது சுட்டி. திறவாதவர்க்கு அதுவும் ஓர் அலங்காரமே.

கற்றவரும் இதில் சறுக்கியதுண்டு. 2023ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரத்தில் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கல் செய்தனர். அதில் மேற்கோளாகக் காட்டிய முன்தீர்ப்புகளில் பல எந்த நீதிமன்றமும் வழங்காதவை, இயந்திரம் புனைந்தவை. அவை மெய்தானா என்று அந்த வழக்கறிஞர் இயந்திரத்தையே கேட்டிருக்கிறார். ஆம் என்று அது விடையளித்திருக்கிறது! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஆயினும் அவர் இயந்திரத் துணையைக் குற்றம் என்று கூறவில்லை. தாக்கல் செய்வது மெய்யா என்று காத்து நிற்கும் பொறுப்பு வழக்கறிஞருடையது, அதைக் கைவிட்டதே குற்றம் என்றார்.

நிற்க. மாணவியின் கேள்விக்கு வருவோம். அவருடைய தோழியர் கூறிய வழியை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நூல் இருக்கிறது, அதைப் படித்தாயிற்று, நூலின் பெயரை இட்டால் போதும், அந்த நூலை அடையாளம் காட்டியது எதுவென்று சொல்வானேன் என்பது அவர்கள் வாதம். அது நூலைப் படித்த நம் மாணவிக்குப் பொருந்தலாம். படிக்காதவர்க்கு? இயந்திரம் தந்த சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மூல நூலைத் தாமே படித்ததுபோல் பக்க எண்ணுடன் அடிக்குறிப்பு இடுபவர்க்கு? இன்று பல ஆய்வேடுகளில் நடப்பது இதுதான். அடிக்குறிப்பு இருக்கிறது, நூலும் இருக்கிறது, பக்கமும் இருக்கலாம். இடையில் நின்றவரை மட்டும் காணவில்லை.

இடையில் நின்றவரை மறைப்பது என்னும் இந்தச் செயலுக்கு நம் முன்னோர் ஒரு பெயர் வைத்து, அதனைப் பற்றித் தனி நூல்களே இயற்றியுள்ளனர். ஹதீஸ் கலையைச் சிறிதேனும் கேட்டறிந்தவர்க்கு அது நினைவுக்கு வரும். தத்லீஸ் என்பது அதன் பெயர். ஓர் அறிவிப்பாளர், தாம் நேரில் கேளாத செய்தியை ஒருவர் வாயிலாகப் பெற்றிருப்பார். அறிவிக்கும்போது அந்த இடைப்பட்டவர் பெயரை விட்டுவிட்டு, அதற்கும் மேலே உள்ளவரிடமிருந்து நேரே கேட்டதுபோல் தோன்றும் ஒரு சொல்லைப் பயன்படுத்துவார். பொய் கூறினார் என்று அவரைப் பிடிக்க முடியாது. “நான் கேட்டேன்” என்று அவர் சொல்லவில்லை. “இன்னாரிடமிருந்து” என்று மட்டும் சொன்னார். ஆயினும் கேட்டவர் உள்ளத்தில் ஒரு பொய் குடியேறிவிட்டது. இமாம் ஷுஃபா (ரஹ்) போன்றோர் இதனை மிகக் கடுமையாகக் கண்டித்தனர். இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) இவ்வாறு செய்தோரை ஐந்து படித்தரங்களாக வகுத்து ஒரு நூலே எழுதினார். அத்தகையவர் “நான் கேட்டேன்” என்று வெளிப்படையாகச் சொன்னாலன்றி அவர் அறிவிப்பை ஏலாதவர் பலர்.

இதில் நம்மை வியக்கவைப்பது அவர்களுடைய சொல்லாட்சியின் நுட்பமாகும். ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டிருந்தால் ஒரு வினைச்சொல். மாணவர் படிக்க ஆசிரியர் கேட்டிருந்தால் வேறொரு வினைச்சொல். இமாம் முஸ்லிம் (ரஹ்) அந்த வேறுபாட்டைக் கைவிடாமல் பேணினார்கள். வந்த வழி உறுதியற்றது என்றால் “கூறப்படுகிறது” என்று செயப்பாட்டு வினையில் சொல்லி நகர்வார்கள். எதனை எவ்வாறு பெற்றோம் என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கருதிய ஒரு கல்வி மரபு அது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு நபிமொழிக்காக ஒரு மாத தூரம் பயணம் செய்து ஷாம் நாட்டிற்குச் சென்று அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களைக் கண்டார்கள். அந்தச் செய்தி முன்பே இன்னொருவர் மூலம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது! இடையில் நின்றவரை மறைத்துவிட அவர்கள் எண்ணவில்லை. இடையிலேயே ஒருவர் இல்லாதவாறு செய்யப் புறப்பட்டார்கள்.

இவ்வளவும் மார்க்கத்தின் மூலச் செய்திகளுக்காக மேற்கொண்ட பேணுதல். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இத்துணை வேண்டுமா என்று எவரும் கேட்கலாம். அந்த அளவுக்கு வேண்டாம். ஆனால் தத்லீஸ் தீங்கானது ஏன் என்ற காரணம் இரண்டுக்கும் ஒன்றே. அறிவிப்பாளரை எடைபோட முஹத்திஸ்கள் இரண்டு பண்புகளைப் பார்த்தனர்: அவர் நேர்மையாளரா, அவர் நினைவும் பதிவும் துல்லியமானவையா? இயந்திரத்திடம் இரண்டாவது பண்பு ஓரளவே உண்டு என்று கண்டோம். முதலாவது பண்பைப் பற்றிப் பேசவே இடமில்லை. நேர்மை என்பது பொய் சொல்லக்கூடிய ஒருவர் சொல்லாதிருப்பது. இழக்க நற்பெயரும், அஞ்ச மறுமையும் உள்ளவர்க்கே அது பண்பாகும். இயந்திரத்துக்கு இரண்டும் இல்லை. தவறு சுட்டினால் பணிவுடன் மன்னிப்புக் கேட்கும். அடுத்த வரியில் புதிய தவறைத் தரும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தொலைவிலிருந்து வந்து கேட்டோருக்கும் பல கேள்விகளில் “எனக்குத் தெரியாது” என்றே விடையளித்தார்கள் என்பது வரலாறு. அந்த ஒரு விடையைக் கொடுப்பதுதான் இயந்திரத்துக்கு எல்லாவற்றிலும் அரிதாக இருக்கிறது.

ஆகவே இயந்திரத்தைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் பெற்ற துணையாக அதனை மறைக்கவும் கூடாது. இவை முரண்போல் தோன்றும் இரண்டு செய்திகள். இவற்றை ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால்தான் மாணவர் மட்டுமன்றிப் பேராசிரியரும் தடுமாறுகின்றனர். ஒருவர் இயந்திரத்தின் பெயரை அடிக்குறிப்பில் இட்டுவிட்டால் கூற்று மெய்யாகிவிடும் என்று எண்ணுகிறார். இன்னொருவர், அது சான்று ஆகாது, எனவே பெயரே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். முன்னவர் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் வைக்கிறார். பின்னவர் உதவியைத் தம் மடியில் மறைக்கிறார்.

மேலைநாட்டு ஆராய்ச்சி அமைப்புகளும் இதில் ஒருமித்து நிற்கவில்லை. மேற்கோள் விதிகளை வகுக்கும் அமெரிக்க நவீன மொழிச் சங்கம் 2023 மார்ச்சில், இயந்திரத்தை ஆசிரியர் என்று குறிக்காதீர், நீங்கள் கேட்ட கேள்வியை விவரித்து, இயந்திரத்தின் பெயர், பதிப்பு, நாள் ஆகியவற்றைத் தருக என்றது. அடுத்த மாதமே அமெரிக்க உளவியல் சங்கம், அதனை ஆக்கிய நிறுவனத்தை ஆசிரியர் இடத்தில் இடுக என்றது. ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழும் ஆராய்ச்சி வெளியீட்டு நெறிக் குழுவும் அதே ஆண்டின் தொடக்கத்தில், பொறுப்பேற்க இயலாத ஒன்று கட்டுரையின் ஆசிரியராக இயலாது என்று தெளிவுபடுத்தின. இவற்றுள் நம் உள்ளம் மொழிச் சங்கத்தின் பக்கமே சாய்கிறது. நூலின் ஆசிரியரைக் குறிப்பதன் பயன், படிப்பவர் அந்த நூலைத் தேடிச் சென்று தாமும் காணலாம் என்பது. இயந்திரத்தின் விடையையோ எவரும் தேடிச் சென்று காண இயலாது. இன்று கேட்ட கேள்வியையே நாளை கேட்டால் வேறு சொற்களில் வேறு விடை வரும். ஆகையால் என்ன கேட்டோம், என்று கேட்டோம், என்ன வந்தது என்பதை எழுதி, நீண்ட விடையாயின் பின்னிணைப்பில் முழுமையும் வைத்துவிடுவதே படிப்பவர்க்கு நாம் செய்யும் நீதி.

நம் நாட்டு விதிகளையும் சற்றுப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு ஆய்வுத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறை வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையில்லை; 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும்; 60 வரை ஓராண்டுக்குத் தடை; அதற்கு மேல் பதிவே நீக்கம். முறையாகப் பெயர் சுட்டிய மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேரா. இயந்திரம் வருமுன் எழுந்த இந்த விதியின் நோக்கம் நல்லதே. ஆனால் அது மாணவர் உள்ளத்தில் ஊன்றியது வேறொன்று. திருட்டு என்பது ஒரு நெறிப் பிழை என்பது மறைந்து, அது ஒரு விழுக்காடு ஆகிவிட்டது. “பத்துக்குள் வந்துவிட்டதா?” என்று கேட்கும் மாணவரை நாம் எத்தனையோ பேரைக் கண்டோம், “இது என்னுடையதா?” என்று கேட்பவரைக் காண்பது அரிதாயிற்று. இயந்திரம் ஒவ்வொரு முறையும் புதிய சொற்களைத் தொடுப்பதால் ஒப்புமை விழுக்காடு குறைந்தே காட்டும். சொல்லைத் திருடியவனைப் பிடிக்க விரித்த வலையில், சிந்தனையையே இரவல் வாங்கியவன் நழுவிவிடுகிறான்.

இனி, இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் வேறோர் இயந்திரம் உண்டு என்பார்கள். அதன் கதை வருந்தத்தக்கது. சாட்ஜிபிடியை ஆக்கிய நிறுவனமே அத்தகைய கருவியொன்றை வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று அவை குற்றஞ்சாட்டின! காரணம் எளியது. அயல்மொழியில் எழுதுவோர் பழகிய எளிய சொற்களைக் கொண்டே எழுதுவர். எதிர்பார்த்த சொல் எதிர்பார்த்த இடத்தில் வந்துவிட்டால் கருவி அதை இயந்திரம் என்கிறது. தமிழ்வழி பயின்று, இரவெல்லாம் அகராதியைப் புரட்டி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதும் குளச்சல் மாணவர் இந்தத் தராசில் என்ன ஆவார் என்று எண்ணிப் பாருங்கள்.

2024ஆம் ஆண்டு ஹரியானாவிலுள்ள ஒரு சட்டக் கல்வி நிலையத்தில், விடைத்தாளை இயந்திரம் எழுதியது என்று கூறி ஒரு மாணவர் தோல்வியடைந்ததாக அறிவிக்கப்பட்டார். எழுதியது தாமே என்றும், இயந்திரம் கூடாது என்று வெளிப்படையான விதி ஏதும் இல்லை என்றும் அவர் உயர்நீதிமன்றம் சென்றார். பல்கலைக்கழகம் அவர் தேறியதாகப் புதிய மதிப்பெண் சான்று வழங்கிவிட, வழக்கு அத்துடன் முடிந்தது. எது நேர்மை என்னும் கேள்வி மட்டும் விடையின்றி நீதிமன்றப் படிக்கட்டில் நின்றுபோயிற்று.

இரவல் வாங்கியதைச் சொன்னால் பெருமை குறையும் என்ற அச்சமே மறைப்பதன் வேர் என்று தோன்றுகிறது. இது நம் மண்ணின் மரபு அன்று. நம் மாவட்டக் கல்லூரிகள் பலவும் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரால் பட்டம் வழங்குகின்றன? மனோன்மணீயம் சுந்தரனார் பெயரால். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்திலிருந்துதான் நம் தமிழ்த்தாய் வாழ்த்து பிறந்தது. அந்த நாடகத்தின் கதைக் கரு அவருடையதன்று. லிட்டன் பிரபு என்னும் ஆங்கிலேயர் எழுதிய ‘இரகசிய வழி’ என்ற கதையைத் தழுவியது. இதனை எந்தத் திறனாய்வாளரும் துப்பறிந்து வெளியிடவில்லை. நூலின் முகவுரையில் சுந்தரம் பிள்ளையவர்களே எழுதியுள்ளார். அதனால் அவர் புகழ் குன்றியதா? ஆயின், அவர் பெயரிட்ட பட்டத்தைப் பெறப்போகும் மாணவர், “இதனைக் கேட்டறிந்தேன்” என்று ஒரு வரி எழுத அஞ்சுகிறார்.

இன்னும் பழைய காலத்துக்குப் போனாலும் செய்தி அதுவே. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கூற வந்த நன்னூலார், அதில் அமைய வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை முதலில் வைத்து, ‘வழி’ என்பதை இரண்டாவதாக வைத்தார். வழியாவது, இந்நூல் எதிலிருந்து வந்தது என்பது. தொல்காப்பியர், தாம் முதன்முதலாகக் கூறாதவற்றை ‘என்ப’, ‘என்மனார்’ என்று முன்னோர் மேல் ஏற்றியே கூறிச் செல்கிறார். அந்நூலைப் பாண்டியன் அவையில் கேட்டுத் தெளிந்தவர் அதங்கோட்டாசான் என்று பாயிரம் கூறும். அந்த அதங்கோடு நம் மாவட்டத்தின் மேற்கிலுள்ள ஊர்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. நூல் எழுதினால் மட்டும் போதாது, கேட்பவர் முன் நின்று விடை சொல்ல வேண்டும் என்ற வழக்கமே அரங்கேற்றம். இன்றைய வாய்மொழித் தேர்வு அதன் பேரன்.

இங்கே இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அவர்களை நினையாதிருக்க இயலவில்லை. 1907ஆம் ஆண்டு சென்னையில் நூறு செய்திகளை ஒருசேர உள்ளத்தில் நிறுத்திச் சதாவதானி எனப் போற்றப்பட்டவர். இயந்திரமும் நொடியில் நூறு கேள்விகளுக்கு விடை தருகிறதே, அதுவும் ஒரு சதாவதானிதானே என்று இளைஞர் ஒருவர் நம்மிடம் வேடிக்கையாகக் கேட்டார். நாமும் சிரித்தோம், பிறகு சிந்தித்தோம். பாவலரைச் சோதித்தவர்கள் எதிரிலேயே அமர்ந்திருந்தனர். ஒன்று தவறியிருந்தாலும் அவையே சொல்லியிருக்கும்; இடலாக்குடிக்கும் செய்தி எட்டியிருக்கும். அந்த அபாயத்தைத் தாங்கித்தான் அவர் மேடையேறினார். இயந்திரத்துக்கு இடலாக்குடி இல்லை.

மாணவரை மட்டும் குறை கூறுவது நீதியன்று. இயந்திரம் வருமுன் எல்லாரும் தாமே எழுதினர் என்று எண்ணுவோர் கல்லூரிச் சாலைகளில் நடந்ததில்லை போலும். தட்டச்சுக் கடைகளில் ஆயத்தமாக ஆய்வேடு கிடைத்த காலத்தை நாம் நேரில் கண்டிருக்கிறோம். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் திருத்தித்தர ஆள் இருந்தார். அவர் பெயர் எந்த நன்றியுரையிலும் ஏறியதில்லை. அந்த ஆளின் இடத்தை இன்று ஏழை வீட்டுப் பெண்ணுக்கு ஓர் இயந்திரம் நிரப்புகிறது என்றால், அதில் நமக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு. அதனைத் தடை செய்க என்று நாம் கூறமாட்டோம். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல்: வகுப்புக் குறிப்பையும் வினாத்தாளையும் இயந்திரத்திடம் பெறுகின்ற ஆசிரியர், அதனைச் சொல்லாமல், மாணவர் மட்டும் சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கலாமா? உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, மறைத்த பிள்ளைக்கு முழு மதிப்பெண் வழங்கும் துறை, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடத்தைச் செவ்வையாக நடத்திவிடுகிறது.

இவற்றையெல்லாம் எண்ணி, மறுவாரம் அந்த மாணவிக்குத் தொலைபேசியில் நம் கருத்தைக் கூறினோம். நன்றியுரைக்கு அடுத்த பக்கத்தில் தனியே எழுதுங்கள். ஆங்கிலச் சுருக்கத்தின் மொழியை இயந்திரம் திருத்தியது, கருத்து என்னுடையது. ஐந்து நூல்களை அது சுட்டியது, இரண்டு இருந்தன, படித்தேன், மூன்று இல்லை. ஒரு பாடலைத் தந்தது. அது அப்பாவுடையதன்று எனத் தெரிந்து நீக்கினேன். கேட்ட நாளையும் கேள்விகளையும் பின்னிணைப்பில் வையுங்கள். இல்லாத மூன்று நூல்களின் பெயரையும் அங்கேயே எழுதிவிடுங்கள். நாளை இன்னொரு மாணவி அவற்றைத் தேடி நூலகம் நூலகமாக அலையாதிருப்பார்.

“மார்க்கு போனா?” என்றார்.

போகலாம் என்றோம். போகாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சற்று நேரம் மௌனம். பிறகு, “சரி மாமா, எழுதுறேன். ஆனா ஒண்ணு. அந்தப் பாட்டு அப்பாவோடது இல்லை என்று சொன்னது நான் இல்லையே, உம்மாவோட உம்மாதானே. அதை எப்படிப் போட?” என்று கேட்டார். இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். வாய்மொழித் தகவல் என்று பெயர், ஊர், வயது, கேட்ட நாள் ஆகியவற்றை இடும் முறை நாட்டார் வழக்காற்று ஆய்விலேயே உண்டு, அவ்வாறே இடுங்கள் என்றோம். பாட்டியின் செவியை மட்டும் நம்பிவிடாமல் அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டோம். ஒப்பிட்டார்; பாட்டி சொன்னதே சரியாயிற்று.

ஆய்வேடு இப்பொழுது நெறியாளர் கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் கூறவில்லையாம். அடிக்குறிப்பில் ஒரேயொரு திருத்தம் மட்டும் கேட்டிருக்கிறார்: தகவலாளியின் வயது விடுபட்டுள்ளது, சேர்க்கவும் என்று. பாட்டியிடம் கேட்டால், கொல்லம் ஆண்டுக் கணக்கில் ஒரு வயதும் ஆதார் அட்டையில் ஒரு வயதுமாக இரண்டு சொல்கிறாராம். இரண்டில் எதை எழுதுவது என்று கேட்டு மாணவி நமக்கு நேற்று மடல் எழுதியிருக்கிறார்.